அக்காவைப் பிடித்த வெள்ளைக்காரி

கேபிள் டிவியில் மத்தியானப் படம் பார்த்து வளர்ந்த என் வயசுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

போன மாதம் பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டு மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டி, நம் காலத்து டப்பிங் பேய்ப்படங்களையும் விண்வெளிப் படங்களையும் வரிசையாகப் போட்டார்கள். நீங்களும் வந்திருந்தீர்கள். காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ரப்பர் கை ஆடும்போதெல்லாம் விசிலடித்தீர்கள். 'கல்ட்' என்றீர்கள். சிரித்தீர்கள். சிரிக்க வேண்டிய படங்கள்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் என் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "இதையெல்லாம் அப்ப எவன்டா சீரியஸா பாத்திருப்பான்?" என்று கேட்டார். எல்லோரும் கொல்லென்று சிரித்தீர்கள்.

என் அக்கா பார்த்தாள். அந்தப் படங்களை அவளைப் போல யாரும் பார்த்திருக்க முடியாது. அதற்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டும் சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.

அப்போது சாரம் என்கிற பகுதியில் இருந்தோம். ஒரு கூடம், பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. அப்பாவுக்கு மில்லில் வேலை. கூடத்தில் ஒரு பெரிய டிவி இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா குடும்பம் பாரீசுக்கே குடிபோனபோது விட்டுப்போன டிவி அது. வாங்கி வந்த அன்று அதன் முதுகில் பிரெஞ்சில் ஏதோ எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. யாருக்கும் படிக்கத் தெரியாது. கிழிக்கவும் மனசு வரவில்லை. சூடானால் அந்த டிவி ஒரு மணம் விடும். தூசியும் மெழுகும் கலந்து கருகுகிற மாதிரி. இப்போதும் எங்காவது பழைய டிவியின் பக்கத்தில் போனால் மூக்கு அதைத் தேடும்.

எங்கள் தெருக் கேபிள்காரர் சொந்தமாக ஒரு சேனல் நடத்தினார். மத்தியானம் பெண்கள் தூங்குகிற நேரம், எவரும் பார்க்க மாட்டார்கள் என்று, கையில் கிடைத்த டப்பிங் சிடிகளைப் போட்டுவிடுவார். படத்தின் அடியில் பிறந்தநாள் வாழ்த்தும் நாற்காலிக் கடை விளம்பரமும் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே ஒருவனைப் பூதம் விழுங்கும். கீழே, 'அன்புச் செல்லத்துக்கு மாமா, அத்தையின் வாழ்த்துக்கள்' என்று போகும். வெள்ளைக்காரன் ஒரு வார்த்தைக்கு வாயைத் திறந்து மூடுவான், தமிழில் மூன்று வாக்கியம் வரும். "தளபதி அவர்களே, நமது கலம் பேராபத்தில் சிக்கியுள்ளது" என்று செந்தமிழில் ஆரம்பித்து, "ஓடுங்கடா, வந்துட்டான்" என்று முடிப்பார்கள்.

லீவு நாட்களில் தெருப் பிள்ளைகளில் பாதி எங்கள் கூடத்தில்தான் கிடக்கும். பூதம் வரும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம். அக்கா மட்டும் மூடமாட்டாள். முழங்கால் போட்டு டிவிக்கு அருகே போய்விடுவாள். திடீரென்று சிரிப்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"டேய், அவன் முதுகைப் பாரு. ஜிப்பு இருக்கு, ஜிப்பு!"

நாங்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்போம். இருக்கும். அவளுக்குப் பயமில்லாததை வைத்து அவளுக்குப் படம் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்ததால்தான் அப்படிப் பார்த்தாள். அந்தப் பூதத்தை ஒரு ஆள் உட்கார்ந்து செய்திருக்கிறான் என்பதுதான் அவளுக்கு அதிசயம். தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் கேபிள்காரரின் அறை வாசலில் நின்று வம்பு செய்வாள்.

"அண்ணே, நண்டுக் கப்பல் இன்னொரு வாட்டி போடுங்கண்ணே."

"ஏம்மா, அது ரெண்டாவது சிடி கீறல் விழுந்து ஓடாதும்மா. பாதியில நிக்கும்."

"நின்னா நிக்கட்டும். மீதிய நான் பாத்துக்கறேன்."

நண்டுக் கப்பல் என்பது நாங்கள் வைத்த பெயர். விண்வெளியில் போகிற ஒரு கப்பலில் யாரோ ஒரு முட்டையைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதைத் தொட்டவர்கள் ஒவ்வொருவராக நண்டாகிவிடுவார்கள். முதலில் நண்டாகிறவள் சமையல்காரி மார்த்தா. அவள் செத்த பிறகும் அவள் குரல் மட்டும் கப்பலின் குழாய்களுக்குள் இருந்து, "நான் மார்த்தா, கதவைத் திறங்கள்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கதவைத் திறக்கக் கை போகிற இடத்தில் படம் நின்றுவிடும். அதற்கு மேல் அக்கா சொல்வாள். ஒரு தடவை மார்த்தா நல்லவளாக இருப்பாள், அவளே எல்லோரையும் காப்பாற்றுவாள். இன்னொரு தடவை அவர்கள் கதவைத் திறந்தால் அங்கே கடல் இருக்கும், நம்ம ஊர்க் கடல். அன்று மாடியில் உங்களோடு உட்கார்ந்துதான் அந்தப் படத்தின் முடிவை முதன்முதலில் பார்த்தேன். கப்பல் வெடிக்கிறது, அவ்வளவுதான். என் அக்காவின் முடிவுகளில் மட்டமானதுகூட அதைவிட நன்றாக இருக்கும்.

பார்ப்பதோடு அவள் நிற்கவில்லை. கைவேலை வகுப்புக்கு வாங்கிய வெள்ளைப் பசையை உள்ளங்கையில் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தால், ரேகையோடு தோல் மாதிரியே உரிந்து வரும். நீங்களும் செய்திருப்பீர்கள். அவள் அதை மூன்று நான்கு பூச்சாகப் பூசி, நடுவில் பஞ்சு வைத்து, கிழித்து, கிழிந்த இடத்தில் ரத்தம் விடுவாள். மைதாக் கரைசல், ரோஸ் சர்பத், ஒரு சிட்டிகை காபித்தூள்.

"காபித்தூள் எதுக்குக்கா?"

"ரத்தம் காஞ்சா கருப்பாவும்டா. படத்துல கடைசி வரைக்கும் செவப்பாவே விட்டுடறானுங்க. அதான் பொய்யின்னு தெரிஞ்சிடுது."

என் முழங்கையில் ஒரு காயம் செய்து தெருவில் விட்டாள். முனைக் கடைக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடப் பார்த்தார். நான் கையை நக்கிக் காட்டினேன். அவர் என் காதைத் திருகினார். ஆனால் மறுநாள் அவர் மகனே வந்து வரிசையில் நின்றான். "எனக்குக் கண்ணு வெளிய வர்ற மாதிரி செய்யிக்கா." கட்டி முடிக்காத ஒரு வீட்டில் மணல்மேட்டின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொருவனாகப் பேயாக்கி அனுப்புவாள். அக்கா அப்போது ஏழாவது முடித்திருந்தாள். வகுப்பில் முதல். எங்கள் வம்சத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் யாரும் கிடையாது. அப்பா கைநாட்டு. அம்மா கையெழுத்து மட்டும் போடுவாள்.

அந்த வருஷம்தான் மில்லில் சங்கு ஊதுவது நின்றது. அதுவரை வீட்டில் கடிகாரம் தேவைப்பட்டதில்லை, சங்கைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள். ஒரு நாள் ஊதவில்லை. மறுநாளும் ஊதவில்லை. அப்பா காலையில் குளித்து, சட்டை போட்டு, மில் கேட் வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு போவதையும் விட்டார். வீட்டுக்குள் பெரியவர்கள் எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இளைப்பு வேறு. ராத்திரி நான் மூச்சு இழுப்பதைக் கேட்டுக்கொண்டு அம்மா விழித்திருப்பாள் என்று மட்டும் தெரியும். அவள் எதை யோசித்தாள் என்று தெரியாது.

மே மாத லீவில் அக்கா வயசுக்கு வந்தாள்.

வழக்கப்படி தாய்மாமன் பச்சைத் தென்னோலை வெட்டிவந்து குடிசை கட்ட வேண்டும். வெளியே இடமில்லை. கூடத்தின் மூலையிலேயே நாலு மட்டையைச் சாய்த்து, ஓலையைக் கட்டி, உள்ளே அக்காவை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் வேப்பிலை, இரும்புக்கு ஒரு அரிவாள்மணை. தீட்டோடு இருக்கிற பெண்ணைக் காற்று கருப்பு சுலபமாகப் பிடித்துவிடுமாம். அதுவும் உச்சி வேளையில். இவ்வளவு காவல் வைத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்த மூலைக்கு நேர் எதிரே டிவி. அதைத் தள்ளி வைக்கக் கேபிள் வயர் எட்டாது. ஓலைக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் அக்காவின் கண்.

அவளுக்கு அதைவிடப் பெரிய சொர்க்கம் எது? வேலை சொல்ல ஆளில்லை. வேளைக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. எதிரில் டிவி. காவலுக்கு என் அத்தை. அப்பாவின் அக்கா, புருஷன் இல்லாதவள், எங்களோடுதான் இருந்தாள். களி கிண்டிய களைப்பில் அத்தை மத்தியானம் ஓலைக்கு வெளியே முந்தானையை விரித்துப் படுத்துவிடுவாள். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்து, கேபிள்காரர் சேனலைத் திருப்புவேன். அக்கா உள்ளேயிருந்து, "கொஞ்சம் தள்ளுடா, மறைக்கிற" என்பாள்.

அன்று தோலுரிக்கிற பேய் ஒன்று வரும் படம். ஒருத்தி தன் கையைத் தானே உரித்துக்கொண்டே படிக்கட்டில் இறங்கி வருவாள். அக்கா என்னிடம் பசைக் குப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேறு வேலை என்ன? முழங்கை வரை பூசி, ஓலை விசிறியால் வீசிக் காயவைத்து, டிவியில் அவள் உரிக்க உரிக்க இவளும் கூடவே உரித்தாள். அவளுடையது எவ்வளவு சுமாராக இருக்கிறது, தன்னுடையது எவ்வளவு நன்றாக வருகிறது என்று பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தச் சிரிப்பில்தான் அத்தை விழித்தாள். கண்ணைத் திறந்தால் பச்சை ஓலைக்குள், தலைவிரி கோலமாக, மஞ்சள் பூசிய முகத்தோடு ஒருத்தி தன் கைத்தோலை முழநீளத்துக்கு உரித்தெடுத்துக் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறாள்.

அத்தை போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது.

"பசை அத்தை! பாரு, பசை!" என்று அக்கா கையை நீட்டினாள். நீட்டிய கையில் இருந்து தோல் தொங்கியது. அத்தை இன்னும் பின்னால் போனாள். நான் குப்பியை எடுத்துக் காட்டினேன். யாரோ அதைத் தட்டிவிட்டார்கள். ஏழு வயசுப் பையனின் கையில் இருக்கிற குப்பியை யார் பார்ப்பார்கள்? "தீட்டோட பேய்ப்படம் பாத்தா வேற என்னா ஆவும்?" என்று ஒருத்தி. "இந்தப் பொண்ணு முன்னாடியே அப்படித்தான். எல்லாம் பயப்படும், இது மட்டும் சிரிக்கும்" என்று இன்னொருத்தி. பயப்படாத பொம்பளைப் பிள்ளை. அதுதான் சாட்சி. வேறு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தண்ணீர் ஊற்றிய மறுநாளே ஊருக்கு மேற்கே ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பெயர் வேண்டாம். உச்சி வெயில். தரை சுட்டது. பூசாரி உடுக்கையை அடித்துக்கொண்டே வேப்பங்குச்சியால் அக்காவின் முதுகில் போட்டார்.

"யாரு நீ? சொல்லு!"

அக்கா தன் பெயரைச் சொன்னாள். அடி விழுந்தது.

"நெசமா சொல்லு! யாரு நீ?"

மறுபடியும் தன் பெயரையே சொன்னாள். அப்பா பெயர், தெரு பெயர், பள்ளிக்கூடம், வகுப்பு, பிரிவு எல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. குச்சியில் இலை இல்லாமல் போய்விட்டது. அது நினைவிருக்கிறது. கடைசியில் அவள் தலையைத் தூக்கினாள். எதிரில் நின்ற என்னை ஒரு நொடி பார்த்தாள்.

"மார்த்தா" என்றாள்.

உடுக்கை நின்றது. "என்னாது?"

"மார்த்தா. சமையல்காரி."

"எங்க இருந்து வந்த?"

"கப்பல்ல."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழும்பியது. "கப்பல்ல வந்தவளா? வெள்ளைக்காரி! பிரெஞ்சுக்காரங்க கப்பல்லதான வந்தாங்க!" பூசாரிக்கே வேர்த்துவிட்டது. "எப்படிச் செத்த?"

"நண்டு தின்னுடுச்சி."

நான் சிரித்துவிட்டேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், இது நண்டுக் கப்பல் என்று. மாமா என் பொடனியில் ஓங்கி ஒன்று வைத்தார். பெண்கள் "ஐயோ பாவம், கடல்ல வுழுந்து செத்துருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி குரலை இறக்கி, மரியாதையாகக் கேட்டார். "சரிம்மா, உனக்கு என்னா வேணும்?"

"வீட்டுக்குப் போவணும்" என்றாள். அதைச் சொன்னது மார்த்தா இல்லை.

அவள் உச்சந்தலை முடியைக் கொத்தாக அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். வெள்ளைக்காரி எந்த வழியாக வந்தாள் என்பதும் முடிவாயிற்று. பிரெஞ்சுக்காரப் பெட்டி வழியாக. சொல்தா வீட்டு டிவி. அதன் முதுகில் இருந்த காகிதம் மந்திரம். கடலில் இறக்கிவிடு என்று பூசாரி உத்தரவு போட்டார். அப்பாவும் மாமாவும் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் குருசுக்குப்பத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். நானும் வண்டியில் உட்கார்ந்து போனேன். அங்கே கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"இத கடல்ல போட்டா எங்க வலை கிழியும் அண்ணே. இங்கயே வெச்சிட்டுப் போங்க. வெள்ளைக்காரிய நாங்க பாத்துக்கறோம்."

நாங்கள் திரும்பி நடக்கும்போதே அவர் பிள்ளைகள் ஆன்டெனாக் கம்பி தேடி ஓடுவதைப் பார்த்தேன். அந்த வீட்டில் அந்த டிவி பல வருஷம் ஓடியது. யாரையும் எந்த மார்த்தாவும் பிடிக்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் நானும் இதை உங்களோடு மாடியில் உட்கார்ந்து வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருப்பேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. என்னை அனுப்பினார்கள். அக்காவை அனுப்பவில்லை. அவள் தினமும் காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். யாரும் போ என்று சொல்லமாட்டார்கள். மத்தியானம் அவிழ்த்து மடித்து வைப்பாள். இப்படிச் சில நாள் போனது. ஒரு நாள் வகுப்பு டீச்சரே குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இளைப்பு வந்து லீவு போட்டுப் படுத்திருந்தேன். டீச்சர் கோபமாகத்தான் வந்தார்.

"நல்லாப் படிக்கிற பொண்ண ஏம்மா நிறுத்தி வெச்சிருக்கீங்க? வேலைக்கு அனுப்பப் போறீங்களா? கல்யாணம் கில்யாணமா? சொல்லுங்க, நான் விடமாட்டேன்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொண்ணுக்குக் காத்து சேட்டை டீச்சர். வெள்ளைக்காரி ஒருத்தி புடிச்சிருக்கு."

டீச்சர் இரண்டடி பின்னால் வைத்தார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"இப்பவும் இருக்கா?"

"எப்ப வரும்னு தெரியல டீச்சர்."

"அப்ப... பாத்துக்கோங்க. உடம்பு தேறுனதும் பாக்கலாம். மத்த பிள்ளைங்க பயந்துடும்." குடையை விரித்தார். போய்விட்டார். அடுப்படி வாசலில் யூனிபார்மோடு நின்ற அக்காவை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். பூசாரியை விடுங்கள், அவன் தொழில் அது. அத்தைக்கு எழுத்தே தெரியாது. ஆனால் நீங்கள் பி.எட். படித்தவர் டீச்சர். உங்கள் மேஜையில் கைவேலைக்கு அதே பசைக் குப்பிதான் இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இங்கே வாம்மா, என்ன நடந்தது என்று அவளிடம் ஒரே ஒரு தடவை. ஒரு சமையல்காரிக்குப் பயந்து ஓடினீர்களே!

அடுத்த வாரம் அம்மா எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அக்கா சமைத்தாள், துவைத்தாள், என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தாள், நான் இளைத்தால் முதுகைத் தடவிவிட்டாள். அவள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், அத்தை விபூதியோடு வந்துவிடுவாள். கோபப்பட்டுப் பாத்திரத்தை டக்கென்று வைத்தாலும் விபூதி. எனவே சிரிப்பதை விட்டாள். கோபப்படுவதையும் விட்டாள். பத்தொன்பது வயதில் வில்லியனூரில் கட்டிக்கொடுத்தார்கள். நான் படித்தேன். இன்றைக்குப் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் விசேஷம் என்றால், "எங்க குடும்பத்துல மொத மொத படிச்சவன்" என்று என்னை இழுத்து முன்னால் நிறுத்துகிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு நாக்கில் புளி கரைத்த மாதிரி இருக்கும்.

இந்தத் தை மாதம் அக்காவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வில்லியனூர் வீட்டு வாசலில் பந்தல். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போய், வீட்டு ஆட்கள் மட்டும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். அப்பா இப்போது இல்லை. அத்தை இருக்கிறாள், காது மட்டும் மந்தம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"பொண்ண உச்சி வேளையில தனியா வுடாதடி. உனக்கு வந்த மாதிரி வந்துடப் போவுது."

"வுடமாட்டேன் அத்தை" என்றாள் அக்கா. "அவ செல்லக்கூட வாங்கி பீரோவுல வெச்சிட்டேன். கண்ட பேய்ப்படத்தப் பாக்குது."

அந்தப் பிள்ளை புதுப் பாவாடையும் மாலையுமாகத் தலையைக் குனிந்துகொண்டது.

"அக்கா, உனக்கு வந்தது பசை" என்றேன். "நான்தான் குப்பிய எடுத்துக் குடுத்தேன். மறந்துட்டியா?"

"நீ சின்னப் பையன்டா. உனக்கு என்னா தெரியும்?" அவள் என் இலையில் ரசத்தை ஊற்றினாள். "எனக்குள்ள என்னமோ இருந்துச்சி. இப்பவும் சில நாளு நெஞ்சுல ஏறி உக்காருது. பல்லக் கடிச்சிக்கினு இருந்தா போயிடும்."

ஜிப்பைப் பார்த்தவள். காய்ந்த ரத்தம் கருப்பாகும் என்று எனக்குச் சொன்னவள். அவள் வாயில் இருந்து இதைக் கேட்டதும் இலையைத் தள்ளி வைத்தேன். எதிர் வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

"அம்மா, நீ நம்புனியா? நெசமா சொல்லு. அக்காவுக்குப் பேய் புடிச்சிச்சின்னு நம்புனியா?"

"இப்ப எதுக்குடா அதெல்லாம்? சாப்புடு."

"சொல்லும்மா."

அம்மா இலையில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தாள். "பாதி நம்புனேன்."

"மீதி?"

"மீதி வசதியா இருந்துச்சி." அவள் தலையைத் தூக்கவில்லை. "உங்கப்பாவுக்கு மில்லு போச்சி. நான் வேலைக்குப் போனா உன்ன யாரு பாக்கறது? நீ ராவெல்லாம் மூச்ச இழுத்துக்கினு கெடப்ப. அத்தை மத்தியானமானா படுத்துடுவாங்க. வேலைக்காகப் பொண்ண நிறுத்துனேன்னு சொன்னா அந்த டீச்சரம்மா சண்டைக்கு வருவாங்க. இதச் சொன்னா யாரும் கேக்கமாட்டாங்கன்னு தோணுச்சி. கேக்கல."

ரச வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"நம்புன பாதி எப்பம்மா போச்சி?" என்றாள்.

"விடுடி."

"எப்பம்மா?"

"அன்னிக்கேதான். டீச்சர் பயந்து ஓடுனாங்க இல்ல, அப்பவே. நீ அடுப்படியில நின்னு பாத்துக்கினு இருந்த. அந்த மூஞ்சியில எந்தப் பேயும் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிப் போச்சி."

அக்கா வாளியைத் தரையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அப்புறம் கத்தினாள். என்ன வார்த்தை என்று முதலில் புரியவில்லை. வெறும் சத்தம். அந்தச் சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். அவள் மகள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டது. மச்சான் கை கழுவின ஈரத்தோடு ஓடி வந்தார்.

"வந்துடுச்சி! மறுபடியும் வந்துடுச்சிடா!" என்று அத்தை எழுந்தாள். அந்த வயசில் அவ்வளவு வேகமாக அவள் எழுந்து நான் பார்த்ததில்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்த விபூதியை அள்ளிக்கொண்டு அக்காவின் நெற்றிக்கு நேரே கையைக் கொண்டுபோனாள். நான் குறுக்கே போகப் போனேன்.

தேவைப்படவில்லை. அக்கா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விபூதி இரண்டு பேர் கையிலும் கொட்டியது.

"கைய எடு அத்தை. நான் கோவமா இருக்கேன்."

பிறகு அம்மாவைப் பார்த்துத் திரும்பி நின்று பேச ஆரம்பித்தாள். போகாமல் போன எட்டாம் வகுப்பில் இருந்து ஆரம்பித்தாள். பந்தல்காரர்கள் நாற்காலியை அடுக்க வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இலையில் சோறு காய்ந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.